ஸ்ரீ இலக்கத் தகடும் இரண்டு கேஸ்கெட்டும்: மலையகத்தில் ஒரு மொரிஸ் மைனரை மீட்டெடுத்தல்

அமெரிக்காவில் ‘மசில் கார்’ என்று ஒரு வகை உண்டு. 1964இல் வந்த பொன்டியாக் ஜி.டி.ஓ.வை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். எட்டு சிலிண்டர், 6.4 லீட்டர் என்ஜின். துருப்பிடித்துக் கிடக்கும் அப்படியொரு காரை வீட்டுக் கராஜில் வைத்து வருடக்கணக்கில் பழுது பார்ப்பது அங்கே பலருக்குப் பெரிய ஆசை. நமது ஊரில் அந்த இடத்தில் இருப்பது மொரிஸ் மைனர். 1956இல் வந்த மைனர் 1000இன் என்ஜின் 948 சி.சி., வலு 37 குதிரை. இன்றைய நடுத்தர மோட்டார் சைக்கிள் ஒன்று அதைவிடக் கூடுதலாக இழுக்கும். ஆனாலும் ஹட்டன், நுவரெலியா வீதிகளிலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் அறுபது, எழுபது வருடமாக அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ரம்பொட வளைவுகளால் அது ஏறியிருக்கிறது. பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி ஆட்களை ஏற்றியிருக்கிறது. நம்முடைய மசில் கார் இதுதான் என்பது என் கட்சி.

டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்து உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸின் பக்கச் சுவரோடு தறப்பாள் கட்டி, அதன் கீழே வைத்து மூன்று வருடமாக ஒரு மைனரைத் திருத்தி வருகிறேன். நான் மெக்கானிக் அல்ல, ஆசிரியர். அப்பா தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்தார். ஸ்பேனர் பிடிக்கப் பழகியது அவரிடம். இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு வன்னியில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும், சிலவேளை கனடாவில் இருந்தும் பேசுகிறார்கள். “அப்பாவின் கார் வீட்டுப் பின்பக்கம் நிற்கிறது, என்ன செய்யலாம்?” என்பதுதான் அநேகமாக எல்லோருடைய கேள்வியும். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

புத்தகத்தில் இருந்த மூன்று பெயர்கள்

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் அவரே வடிவமைத்தார். மைனர் முதன்முதலில் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டது. அடுத்த மாதம், 1948 நவம்பரில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் எங்கள் தாத்தாமார் குடியுரிமை இல்லாமல் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் இந்தக் கார்கள் கப்பலில் வந்து இறங்கி, துரைமாரின் பங்களாக்களுக்கு ஏறின. பிரித்தானியாவில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் தொட்ட கார் மைனர். 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் ஏறக்குறைய 16 லட்சம் செய்திருந்தார்கள்.

என்னிடம் இருப்பது 1958இல் பதிவான கார். அதன் பதிவுப் புத்தகத்தில் முதல் பெயர் டிக்கோயாவில் இருந்த ஓர் ஆங்கிலேயத் துரை. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு வெள்ளைக்காரத் துரைமார் போன கதை தெரிந்ததுதானே. போகும்போது கார்களை கிளாக்கர்மாருக்கும் நகரத்துக் கடைக்காரருக்கும் விற்றார்கள். அப்படி இரண்டாவது பெயர், நுவரெலியாவில் கடை வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து வியாபாரி. 1983 ஜூலையில் நுவரெலியா நகரத்தில் தமிழர் கடைகளை எரித்தபோது அவருடைய கடையும் போயிற்று. கார் அன்று டிங்கரிங் வேலைக்காக ஒரு தோட்டத்தில் நின்றதால் தப்பியது. அதிலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். அடுத்த வருடம் அதை வாங்கியவர் மூன்றாவது பெயர்: வலிகாமத்தில் வாடகைக்கு ஓடிய ஒரு சாரதி. இன்று அவருக்கு எண்பது வயதுக்கு மேல். என் சித்தப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையில் இருந்து கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியவர். அவருடைய மகன்தான் இந்தக் காரைக் கண்டுபிடித்துச் சொன்னது. 2017இல் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். துரையின் பங்களாவில் இருந்து நாலு கட்டை தூரத்தில் மறுபடி வந்து நிற்கிறது.

உங்கள் வீட்டுக் காரைத் தொடுவதற்கு முன் இந்தப் புத்தகத்தை எடுங்கள். முன் சுவரில், பொனெட்டைத் திறந்தால் தெரிகிற இடத்தில், சேஸி இலக்கத் தகடு இருக்கும். அதில் உள்ள இலக்கமும் என்ஜின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பல மைனர்களுக்கு இடையில் ஜப்பான் என்ஜின் பூட்டிவிட்டார்கள். அந்த மாற்றம் பதிவில் ஏறியிருக்காவிட்டால் கைமாற்றும்போது சிக்கல் வரும். புத்தகத்தில் உள்ளவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசுரிமைப் பத்திரங்களும் தேவைப்படும். ‘ஓபன் பேப்பர்’ என்று கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தோடு நாலு கை மாறிய காரை, விலை குறைவென்று வாங்காதீர்கள். போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால், புதுமாத்தளன் பக்கம் வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருந்தது. உரிமையாளர் யாரென்று தெரியாத வாகனத்தின் உதிரிப்பாகத்தைக்கூட நான் வாங்குவதில்லை. அது என் சொந்த முடிவு, எல்லோருக்கும் சட்டமாகச் சொல்லவில்லை.

அந்த ஒரு எழுத்து

என் காரின் இலக்கத் தகடு ‘1 ஸ்ரீ’ வரிசை. அதற்கு முன் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்து இலக்கம் கொடுத்தார்கள். 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்த அடுத்த வருடம் அது. 1958இல் ஸ்ரீ தகட்டோடு அரச பஸ்களை வடக்குக்கு அனுப்பியபோது தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தியது. தகடுகளில் தார் பூசினார்கள், தமிழ் எழுத்தை எழுதினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். இவ்வளவும் வடக்கில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் போராட்டத்தின் போது மலையகத்திலும் உயிர் போயிற்று என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். வாக்குரிமையே இல்லாதவர்கள், காரே இல்லாதவர்கள், ஓர் இலக்கத் தகட்டின் எழுத்துக்காக நின்றிருக்கிறார்கள். பொகவந்தலாவை இங்கிருந்து தூரமில்லை. அப்பா அப்போது சிறுவன். லயத்துக் கதவுகளை அன்று பகலிலேயே சாத்தியதைச் சொல்வார்.

கார் பார்க்க வருகிறவர்கள் அந்தத் தகட்டை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார்கள். பதிவு இலக்கத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. ஸ்ரீ இலக்கம் உள்ள பழைய வாகனங்கள் இன்றும் அதே இலக்கத்தோடு ஓடுகின்றன. ஆகவே அது இருக்கும். தகட்டைச் சுரண்டியபோது எழுத்தின் மேல் பழைய கறுப்புப் படிவு ஒன்று இருந்தது. தாராக இருக்கலாம், வெறும் வீதி அழுக்காகவும் இருக்கலாம். அதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. புதுத் தகடு ஒன்று அடித்துப் பூட்டிவிட்டு பழையதைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

மண்ணெண்ணெய் செய்த வேலை

1990 நடுப்பகுதியில் இருந்து வடக்கு மீது பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் போகாது. அங்கே ஓடியவை பெரும்பாலும் பழைய பிரித்தானியக் கார்கள்: மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட். மின்னணுச் சாமான் இல்லாத, அழுத்த விகிதம் குறைந்த என்ஜின்கள் என்பதால் அவை மண்ணெண்ணெயைச் சகித்தன. ஒரு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து அதில் ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடானதும் ஒரு குழாய்ப் பூட்டைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பினால்தான் கார்புரேட்டரில் பெற்றோல் நிற்கும், அடுத்தமுறை பிடிக்கும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும் என்பதால் ரேடியேட்டரின் பாதியைத் தகரத்தால் மறைத்தார்கள். என் காரில் அந்தத் தகரமும் அது கட்டியிருந்த கம்பியும் அப்படியே இருந்தன.

மண்ணெண்ணெய் பெற்றோலைவிட முந்தியே தானாக எரிந்து என்ஜினை இடிக்கும். அதைத் தடுக்க அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். என் காரின் ஹெட்டைக் கழற்றியபோது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கெட் இருந்தது. நானும் அப்பாவும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வேலை. யாழ்ப்பாணத்துச் சாரதியிடம் கேட்டேன். “ஓம் தம்பி, நாங்கள்தான் போட்டனாங்கள். இல்லாட்டி ஏத்தத்திலை இடிக்கும்” என்றார். யாழ்ப்பாணத்தில் என்ன ஏற்றம் என்று கேட்டதற்கு, “பாலம் இருக்குத்தானே” என்றார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது அந்தக் கார் பதினொரு பேரோடு தென்மராட்சிக்குப் போனது. மழை. நடைவேகத்தைவிடக் குறைவான வேகம். முதலாம் கியரிலேயே பல மணித்தியாலம். கொதித்தால் நிறுத்தவும் முடியாது, பின்னால் சனம். ரேடியேட்டருக்கு மழைத் தண்ணீரை ஏந்தி ஊற்றியதாகச் சொன்னார். வாகனம் பழுது பார்க்கிறவன் இதைக் கேட்டால் முதலில் நினைப்பது ஹெட் வளைந்திருக்குமே என்றுதான். வளைந்துதான் இருந்தது.

உங்கள் காரும் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியதென்றால் இவற்றை எதிர்பாருங்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்பிலுள்ள என்ஜின் ஒயிலோடு கலக்கும். ஒயில் மெலிந்தால் பேரிங் தேயும். சிலிண்டர் துளை மேல்பக்கம் அகன்றிருக்கும். அழுத்தமானி வைத்துப் பார்த்ததில் எனக்கு மூன்று சிலிண்டரில் 105, 110 என்று வந்தது, ஒன்றில் 60தான். கண்டியில் ஒரு லேத் கடையில் துளை பெருப்பித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். ஹெட்டைச் சமன் செய்தோம். அப்போதே வெளியேற்று வால்வுகளுக்குக் கடினமான இருக்கை போட்டுவிடுங்கள்: இந்த என்ஜின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தவை, இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஹெட் நட்டுகளுக்கு 40 இறாத்தல் அடி, வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், பொயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். கேஸ்கெட் ஒன்று மட்டும்.

அங்குல ஸ்பேனர் வேண்டும். மில்லிமீற்றர் ஸ்பேனரை வைத்து நட்டின் முனையை உருட்டாதீர்கள். இந்த விடயத்தில் மலையகத்தவனுக்கு ஓர் அனுகூலம்: மார்ஷல் ரோலர்களும் சிறொக்கோ உலர்த்திகளும் ஓடிய பழைய தேயிலை பெக்டரிகளில் அங்குலக் கருவிகள் இன்றும் கிடக்கும்.

துருவில் இருந்து தொடங்க வேண்டும்

என்ஜினைப் பற்றி முதலில் சொன்னேன், ஆனால் வேலை தொடங்க வேண்டியது அங்கே அல்ல. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் சில், தளத்துக்குக் கீழே குறுக்காகப் போகும் குறுக்குப் பட்டம், முன்பக்கத்து இரண்டு சேஸிக் கால், பின் ஸ்பிரிங் தொங்கும் இடம். இந்த நாலும் உறுதியாக இருந்தால் கார் பிழைக்கும். முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் என்ற நீண்ட முறுக்குக் கம்பியின் பின்முனை அந்தக் குறுக்குப் பட்டத்தில்தான் பிடித்திருக்கிறது. அது உக்கினால் காரின் முன்பக்கம் உட்கார்ந்துவிடும்.

ஒரு சுத்தியலும் பழைய திருப்புளியும் எடுத்துக்கொண்டு கீழே படுத்துத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். உக்கியது பொத்தென்று கேட்கும், திருப்புளி உள்ளே போகும். யாழ்ப்பாணத்துக் கார் உப்புக் காற்றில் சில்லிலும் மட்காட்டிலும் உக்கும். மலையகத்துக் கார் மே முதல் செப்டெம்பர் வரை நீளும் தென்மேல் பருவமழையில், பனியில், தளத்தில் உக்கும். உர மூட்டை ஏற்றிய தோட்டத்துக் கார் என்றால் டிக்கியின் தளத்தைக் கட்டாயம் பாருங்கள். அமோனியம் சல்பேட் சிந்திய இடம் சல்லடை மாதிரி இருக்கும். என் காருக்கு இரண்டு ஊரின் துருவும் உண்டு.

டிங்கரிங் பாஸ் ஒருவர் ஹட்டனில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். சிங்களவர், எழுபதை நெருங்குகிறவர், மைனரைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டி ஒட்டுவார். அவர் சொன்ன ஒன்றை மறக்காதீர்கள்: இரண்டு சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. கதவுகளை மூடி, அந்தத் திறப்புக்குக் குறுக்கே இரும்புக் குழாய் ஒட்டி, ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறு பக்கம். இல்லாவிட்டால் உடம்பு நடுவில் தொய்ந்து, பிறகு கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. உக்கிய இடத்துக்கு மேல் பட்டி பூசி மறைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி உடம்பெங்கும் ஓட்டிப் பார்த்தால் பட்டி உள்ள இடத்தில் ஒட்டாது.

இடது பின் மட்காட்டில் மூன்று சன்னத் துளைகள் இருந்தன. தென்மராட்சியில் 2000ஆம் ஆண்டுச் சண்டையின் போது ஒரு மாமரத்தின் கீழ் நின்ற காலத்தில் விழுந்தவை. அப்படியே விடலாமா என்று எனக்கு ஒரு யோசனை. வரலாறு, அடையாளம் என்றெல்லாம் நினைத்தேன். சாரதியிடம் கேட்டேன். “அடைச்சு விடும் தம்பி, மழைத்தண்ணி போகும்.” அடைத்துவிட்டோம்.

மலையில் பிரேக்தான் உயிர்

மைனரின் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரே குழாய் வழி நாலு சக்கரத்துக்கும் போகிறது. எங்காவது ஓர் இடத்தில் கசிந்தாலும் நாலும் போய்விடும். கைப் பிரேக் மட்டும் மிஞ்சும். சமதரையில் அது ஒரு பயம். ஹட்டனில் இருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது அது வேறு. ஆகவே பழைய பிரேக்கில் எதையும் நம்பாதீர்கள். முன் சக்கரங்களில் இரண்டிரண்டு, பின் சக்கரங்களில் ஒவ்வொன்று என ஆறு வீல் சிலிண்டர், ஒரு மாஸ்டர் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ். எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். இரும்புக் குழாய்களையும் மாற்றுங்கள். பெயிண்ட் பிறகு அடிக்கலாம்.

மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, சேஸிக் காலுக்குள் ஒளித்து வைத்த மாதிரி இருக்கும். அதை இறுக்கிய போல்ட்டைக் கழற்றப் பார்த்தால் பக்கத்தில் ஓடும் டோர்ஷன் பார் வழியை மறிக்கும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து அந்தக் கம்பியைக் கழற்றப் போகிறார்கள். டோர்ஷன் பாரில் காரின் முன்பாரம் முழுவதும் முறுக்காக ஏறி நிற்கிறது. தொங்கலை முழுதாகத் தளர்த்தி முறுக்கை இறக்காமல் அதன் முனையைத் தட்டினால் கை போகும். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பிரேக் ஒயில் என்று புட்டியில் எழுதியதைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். என்ஜின் ஒயில் ஊற்றினால் ரப்பர் ஊதிப் பிரேக் பிடித்தபடி நின்றுவிடும். தடைக்காலத்தில் என்ன ஊற்றினீர்கள் என்று சாரதியிடம் கேட்டபோது ஆமணக்கெண்ணெய் என்றார். முதலில் சிரித்தேன். பிறகுதான் படித்தேன், ஆரம்ப காலத்துப் பிரேக் ஒயிலே ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்துதான் செய்தார்கள், அது ரப்பரைத் தின்னாது.

பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசு பறக்க விடுவது நமது கராஜ்களின் பழக்கம். செய்யாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். லயத்து வாசலில் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்; நம் வீடுகளில் வாசல்தான் விளையாட்டிடம், அடுப்பும் கிட்டவே.

பிரேக்குக்கு அடுத்தபடி முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ட்ரனியன். மேலும் கீழும் மரை வெட்டிய ஒரு தூண் அது. சக்கரம் திரும்பும்போது அந்த மரையில்தான் சுழலும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் மரை தேய்ந்தால் ஒருநாள் ஒரு வளைவில் சக்கரம் மடிந்து விழும், கார் மூக்கால் நிலத்தில் குத்தும். மைனருக்கு உள்ள ஒரே பெரிய பலவீனம் இதுதான் என்பேன். ஜக் அடித்து, சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள், ஓட்டிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள்.

ஜக் என்றதும் இன்னொன்று. மலையகத்தில் சமதரை என்று ஒன்று இல்லை. என் தறப்பாளுக்குக் கீழேயும் நிலம் சரிவுதான். இரண்டு நாள் மண் வெட்டிச் சமன் செய்து, கருங்கல் பதித்த பிறகுதான் காரைத் தூக்கினேன். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் இல்லாவிட்டால் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் பாரத்தில் வெடிக்கும்.

லயத்தில் இருக்கிற பிள்ளைகள் வேறொரு கேள்வி கேட்பார்கள்: சேர், நாங்கள் எங்கே வைத்துச் செய்வது? அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, வாசல் எல்லோருக்கும் பொது, நிலம் தோட்டத்துடையது. ஒரு தறப்பாள் கட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. இருநூறு வருடம் இந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு ஒரு கார் நிறுத்தும் அளவு சொந்த நிலம் இல்லை என்பதை இந்த வேலை தினமும் ஞாபகப்படுத்தும். டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் ஓர் இடம் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

சாமான் எங்கே கிடைக்கும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பாவித்த கார்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பலர் பழைய கார்களைத் தேடித் தூசு தட்டியதற்கு அழகுணர்ச்சி காரணமல்ல. நானும் அப்படித்தான்; அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் தேவைப்பட்டது. 2022இல் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீட்டர் பெற்றோல் என்று கொடுத்தபோது தெற்கு முழுவதும் கலங்கியது. என் யாழ்ப்பாணத்துச் சாரதி மட்டும் தொலைபேசியில், “இருபது லீற்றரோ? அது எங்களுக்கு ஒரு வருசத்துக்குக் காணும்” என்றார்.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் மைனர் சாமான் இன்னும் கிடைக்கிறது. புதிதாகவும் வருகிறது. இதில் ஒரு வேடிக்கையான திருப்பம் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் ஓர் இலங்கையருடன் சேர்ந்து இலங்கையிலேயே மைனர் உடம்புத் தகடுகள் செய்யத் தொடங்கினார். இங்கே கையால் அடித்த தகடுகள் இங்கிலாந்துக் கார்களுக்கு ஏற்றுமதியாயின. கார் அங்கிருந்து வந்தது, அதன் மட்காட் இங்கிருந்து போனது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: மைனரில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. தெரியாமல் மாற்றிப் பூட்டினால் டைனமோவும் ரெகுலேட்டரும் குழம்பும். வானொலி போட்டிருந்தால் அது எரியும். துணி சுற்றிய பழைய வயர்களை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள். கதவுத் தூணில் இருந்து நீளும் கைகாட்டிச் சமிக்ஞை 1961 வரை வந்த கார்களில் உண்டு. அழகுதான், ஆனால் இன்றைய வீதியில் பின்னால் வரும் த்ரீவீல்காரருக்கு அது என்னவென்றே தெரியாது. மினுங்கும் விளக்கும் சேர்த்துப் பூட்டுங்கள்.

பெற்றோல் தாங்கியில் துளை இருந்தால் வீட்டில் ஒட்டாதீர்கள். வெறுமையான தாங்கிதான் நிறைந்ததைவிட ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். கழற்றி, அந்த வேலை தெரிந்த கடைக்குக் கொடுங்கள்.

பெயிண்ட் அடிக்க இங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் காலம். ஈரக் காற்றில் அடித்த செல்லுலோஸ் பெயிண்ட் காயும்போது பால் மாதிரி வெளிறிவிடும். காலைப் பனி விலகி வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மதியம் தாண்டி முகில் இறங்குமுன் நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் கிடைத்தால் பெரிது. என் கார் ஆதியில் பச்சை. பிறகு வாடகைக்காகக் கறுப்பு அடித்திருந்தார்கள். சுரண்டியபோது இரண்டும் தெரிந்தன. பச்சையே அடித்தேன்.

புது என்ஜினுக்கு முதல் ஐந்நூறு மைல் பாரம் ஏற்றாமல், முக்காமல் ஓட்ட வேண்டும். பிறகு ஒயிலை மாற்ற வேண்டும். முதலாம் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஏற்றத்தில் ஓட்டத்திலேயே முதலாம் கியருக்கு இறக்குவதென்றால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, இடையில் கொஞ்சம் அக்ஸிலேட்டர் கொடுத்து ஏமாற்ற வேண்டும். இதை நார்வூட் வீதியில் பழகிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா மஹாகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயத்துக்கு இதையும் கொண்டுபோவாயா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பந்தயம் பார்க்கக் கொண்டுபோகலாம். அதற்கும் முன் பின் சக்கர வீல் சிலிண்டர் இரண்டில் ஒன்று மெல்லக் கசிகிறது. பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும் என்றார்கள். அதுவரை அம்மாவின் கிளினிக்குக்கு பஸ்தான்.